ஏழாம் இலக்கம்

ஞாயிற்றுக்கிழமை கோசலைக்குக் கல்யாணம்.
அலங்கரிக்க வரும் ரிஸ்னா
போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:
"பவுண்டேஷன மட்டும் நீங்களே வாங்கி வைங்க அக்கா,
என்ட பெட்டியில உங்கட நிறம் இல்ல."

அதனால்தான்
அரைநாள் லீவு போட்டு
பம்பலப்பிட்டியில்
குளிரூட்டிய கடையொன்றில்
நாடியை உயர்த்தியபடி நிற்கிறேன்.

நெத்மினி என்று சட்டையில் பெயர் குத்திய பிள்ளை
முதலில் என் கையைத் திருப்பி
மணிக்கட்டு நரம்பைப் பார்த்தாள்.
நீலமென்றால் ஒரு வரிசையாம்,
பச்சையென்றால் இன்னொன்று.
என் நரம்பு
வெளியே வரவே இல்லை.
"பரவாயில்ல மிஸ்," என்றாள்
சிங்களம் தோய்ந்த தமிழில்,
"கல்யாணம்தானே, ரெண்டு நம்பர் இறக்கிப் போடுவம்."

இலக்கம் இறங்கினால் நிறம் ஏறும்.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
வெள்ளவத்தை ஸ்டூடியோவில்
பாஸ்போர்ட் படம் எடுத்த நாளிலேயே
கேட்காமல் இறக்கித் தந்தார்கள்.
விசா மேசைக்காரன்
படத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்,
அதற்கு முந்திய காலத்தில் வேறு ஆட்கள்
டோர்ச் வெளிச்சத்தில் பார்த்ததுபோல.

குப்பிகளின் பெயர்களோ
தந்தம், பாதாம், தேன், கரமல், கோப்பி.
முதலாவது யானையின் பல்,
மிச்சமெல்லாம் தின்கிற சாமான்.
நானாக இருந்தால் ஒன்றுக்கு
மழைவிட்டு அரைமணி கழிந்த
மரின் டிரைவ் தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டை
என்று பெயர் வைப்பேன்.
யார் வாங்குவார்கள்.

நாடியோரம் மூன்று கோடு இழுத்தாள்.
மூன்று, ஐந்து, ஏழு.
"இந்த லைட்ட நம்பாதீங்க மிஸ்.
வெயிலுக்குப் போய், பத்து நிமிஷம் நிண்டு பாருங்க.
வேர்த்தா மாறும்."
கைக்கண்ணாடி கடையின் சொத்து.
அதனால் காவலாளியும் கூடவே வந்தார்.

காலி வீதி, பகல் ஒன்றரை.
பஸ் புகை விலகட்டும் என்று நின்று
கண்ணாடியை உயர்த்தினேன்.
மூன்று: பழஞ்சுவரில் சுண்ணாம்பு.
ஐந்து: பிழை சொல்ல முடியாது,
ஆனால் அது என் மச்சாளின் கன்னம்,
டொரொண்டோவில் பத்துக் குளிர்காலம்
இருந்துவிட்டு வந்தபின்.
ஏழைக் காணவில்லை.

வேர்வையில் கரைந்ததோ,
அவள்தான் பூச மறந்தாளோ,
சரித்துச் சரித்துத் தேடினேன்.
காவலாளி குனிந்தார். வெற்றிலை மணந்தது.
என் காதுக்கும் கழுத்துக்கும் நடுவே
கண்ணைச் சுருக்கிக் கொஞ்சநேரம் பார்த்து
"தியெனவா மிஸ்" என்றார்.
இருக்கிறதாம்.
இருந்தது. தெரியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே ஓடிப்போய், ஏழு தாங்கோ என்றேன்.
நெத்மினி லாச்சியை இழுத்தாள், மூடினாள்.
மூன்று அடுக்கடுக்காய் இருந்தது.
ஐந்து இருந்தது.
ஏழில் மாதிரிக் குப்பி மட்டும்,
அதுவும் தலைகீழாய் நிறுத்தி
தட்டித் தட்டி எடுத்து முடிகிற நிலையில்.
அப்போதுதான் கண்டேன்,
அவளுடைய காலருக்கு மேலே
முகம் முடிந்து கழுத்துத் தொடங்கும் இடத்தை.
அவளும் ஏழு. பூசியிருந்தது நான்கு.
"கம்பனி குடுக்கிறது" என்றாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

வந்தால் அறிவிக்கிறோம் என்று
ஒரு கொப்பியை நீட்டினாள்.
இனோகா. பஸ்மியா. டொரின்.
கமலவேணி.
கொஞ்சம் கீழே மறுபடி கமலவேணி,
இந்தமுறை சிவப்பு மையில், கோடு போட்டு.
என் பெயர் பதினாலாவது.

பஸ்ஸில் முன்சீட்டுப் பிள்ளை
தாயின் தோளுக்கு மேலால்
என் நாடியையே பார்த்துக்கொண்டு வந்தது.
துடைக்க மறந்திருந்தேன்.
தெஹிவளைப் பாலம் வரைக்கும்
விரலை நீட்டி நீட்டி எண்ணியது:
ஒன்று, இரண்டு.
ஒன்று, இரண்டு.